நான் தேர்ந்தெடுத்த மஞ்சள்

எங்கள் நர்சிங் ஹோமுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, எந்தக் கலர் வேண்டும் என்று முதலில் என்னைத்தான் கேட்டார்கள். அப்போது எனக்கு அங்கே இருபத்திரண்டு வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் என்னிடம் வேலை சொல்லியிருக்கிறார்கள், லீவு கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள், அபிப்பிராயம் மட்டும் கேட்டதில்லை. கேட்டவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

நர்சிங் ஹோம் சமயநல்லூரைத் தாண்டி, திண்டுக்கல் போகிற ரோட்டில் இருக்கிறது. மொத்தம் பதினெட்டுப் படுக்கை, வருவது பெரும்பாலும் பிரசவ கேஸ். நான் ஆரப்பாளையத்தில் குடியிருக்கிறேன். காலையில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணி டியூட்டிக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பெரிய டாக்டரம்மா முழங்கால் வலி வந்து வீட்டோடு இருந்துவிட்டார். அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். அவரை நாங்கள் சின்ன மேடம் என்போம். பள்ளிக்கூடப் பையோடு வந்து நர்சுகள் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். இன்றைக்கும் வேறு யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அதுவரை எங்கள் சுவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேலே வெள்ளை. அந்தப் பச்சையை நினைத்தாலே இன்றும் எனக்கு டெட்டால் வாசனை வருகிறது. சின்ன மேடம் ஆஸ்பத்திரி நிர்வாகம் பற்றி ஏதோ இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் எங்களை உட்கார வைத்துப் பேசினார். வேலை செய்கிற இடத்தின் நிறம் அங்கே இருப்பவர்களின் மனசைப் பாதிக்குமாம். அழுது வடிகிற சுவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தால் சீக்கிரம் களைப்பு வருமாம், எரிச்சல் வருமாம். நர்சுகள் சிடுசிடுப்பதற்குச் சுவரைக் காரணமாகச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். நான் சிடுசிடுத்ததற்கு வேறு நிறையக் காரணங்கள் இருந்தன. இருந்தாலும் பழி சுவர் மேல் போவது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

முதலில் மாறியது எங்கள் உடுப்பு. வெள்ளைச் சேலை போய் லாவண்டர் நிறச் சுடிதார் வந்தது. சேலையைவிட ஓடியாட வசதி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துணி மலிவாகக் கிடைத்தது என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கும் மருந்துக் கடையில் இருக்கும் பெண்ணுக்கும் அதே நிறத்தை எடுத்துவிட்டார்கள். யார் நர்சு, யார் பில் போடுகிறவர் என்று வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் பிரசவ அறை வாசலில் என்னை நிறுத்தி, இந்த மாத்திரைக்குப் பாக்கிச் சில்லறை எங்கே என்று கேட்டார். கையில் கிளவுஸோடு நின்ற நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வெள்ளைச் சேலையில் நின்றபோது யாரும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அந்த மரியாதையில் பாதி சேலைக்கு உரியது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அந்த வலி ஆறுவதற்குள் சுவர் விஷயம் வந்தது. சின்ன மேடம் பெயிண்ட் கடையிலிருந்து நிறங்களின் அட்டையை வாங்கி வந்து மேஜையில் விரித்தார். வேலை செய்கிறவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். சின்ன வயசு நர்சுகள் ரோஸ் என்றார்கள், வெளிர் நீலம் என்றார்கள். நான் அட்டையை என் பக்கம் இழுத்து மஞ்சளில் விரலை வைத்தேன். எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் நடுவில் இருக்கிற மஞ்சள்.

"மங்களகரமா இருக்கும் மேடம். பிள்ளை பொறக்குற எடத்துக்கு மஞ்சளை விட்டா வேற என்ன வேணும்?" என்றேன்.

யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. நம் ஊரில் மங்களகரம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விவாதம் ஏது? கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் தடவுகிறோம், புதுத் துணிக்கு வைக்கிறோம், தாலிக் கயிற்றில் பூசுகிறோம். ஆக மஞ்சள் நிறைவேறியது. பிரசவ வார்டு, தாய் சேய் வார்டு, நடைபாதை, டீ குடிக்கும் அறை எல்லாம் மஞ்சள். எங்கள் வார்டு ஆயாவை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வயசுப் பெண், வாய் ஓயாது. பெயிண்ட் அடித்து முடித்த அன்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"என்னையக் கேட்டா வெள்ளையே போதும்பேன் சிஸ்டர். அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான தொடைக்க முடியும்?" என்றார்.

உனக்கு எதிலும் ஒரு நொட்டை சொல்ல வேண்டும் என்று நான் அவரை அடக்கினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். மஞ்சள் அடித்த முதல் இரண்டு மாதம் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் உள்ளே நுழையும்போதே விடிந்தது போல இருக்கும். பிரசவமான பெண்கள் சுவரோரம் பிள்ளையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். டீ நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான்கூட இரண்டு பேரைத் திட்டாமல் விட்டேன். பார்க்க வந்த பெரிய டாக்டரம்மா, இது யார் யோசனை என்று கேட்டபோது சின்ன மேடம் என்னைக் கை காட்டினார். அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் வீடு வரை நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவே இல்லை.

பிறந்த குழந்தைக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொஞ்சம் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதைக் கவனிக்காமல் விட்டால் மூளையைத் தாக்கும், பிறகு எந்த டாக்டராலும் சரிசெய்ய முடியாது. அதைக் கண்டுபிடிப்பதற்கு எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரியில் முதல் கருவி நர்சின் கண். குழந்தையின் மூக்கு நுனியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தி எடுத்தால் ரத்தம் விலகி, அந்த இடம் ஒரு நொடி வெளிறித் தெரியும். அந்த நொடியில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நெஞ்சு, வயிறு, கால் என்று அழுத்திக்கொண்டே போக வேண்டும். மஞ்சள் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். இருபத்திரண்டு வருடமாக நான் சந்தேகப்பட்ட குழந்தைக்கு லேபில் இல்லை என்று வந்தது அபூர்வம். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மற்ற நர்சுகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள்.

மழை மூட்டம் விலகி வெயில் ஏறிய மூன்றாவது மாதம் முதல் எனக்கு எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு வாரத்தில் நாலு குழந்தைக்கு ரத்தம் எடுத்தேன். நாலும் நார்மல். அடுத்த வாரம் மூன்று, அதுவும் நார்மல். பிஞ்சுக் குதிகாலில் ஊசி குத்தினால் தாய் சும்மா இருப்பாளா? ஒரு தகப்பன், பிள்ளையைக் குத்திக் குத்திப் பார்க்கத்தான் படித்தீர்களா என்று கேட்டார். குழந்தை டாக்டர் வெளியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மட்டும் வருவார். அவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, சிஸ்டருக்கு என்ன ஆச்சு என்று சின்ன மேடத்திடம் சிரித்தபடி கேட்டுவிட்டுப் போனார். காமாலைக் கண்ணைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொலவடை இருக்கிறது. யாரும் அதை என் காதுபட சொல்லவில்லை. ஆனால் நான் அறைக்குள் நுழைந்தபோது இரண்டு நர்சுகள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள், அதுவே போதுமாக இருந்தது.

சின்ன மேடம் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அக்கா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா, நல்லா நிச்சயமா தெரிஞ்சா மட்டும் ரத்தம் எடுங்க, என்றார் தயவாக. எனக்கு வயது நாற்பத்தொன்பது. கண் போய்விட்டால் வார்டு வேலை போய்விடும். வார்டு இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு ஒரு கண் டாக்டரிடம் போனேன். புள்ளி புள்ளியாகப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டி எண்களைப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் படித்தேன். நிறம் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை, கிட்டப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி போதும் என்றார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் கோளாறு புத்தியில் என்று அர்த்தம். வயசாக ஆக பயம் கூடி, இல்லாததை எல்லாம் பார்க்கிறேன் என்று நானே முடிவு கட்டினேன்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மூக்கை அழுத்தும்போது தெரிகிற மஞ்சளில் பாதியை மனசுக்குள் கழித்துவிடுவேன். கழித்த பிறகும் அதிகம் என்று பட்டால்தான் ரத்தம். ஒரு மாதத்தில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் எடுத்தேன். எல்லோருக்கும் நிம்மதி. போன பிள்ளைகளும் பத்தாம் நாள் காட்ட வந்தபோது நன்றாகவே இருந்தன. என் கணக்கு சரி என்று நம்பினேன்.

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து ஒரு பெண் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் ஆண் குழந்தை. அன்று மாலையே குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டார். புருஷன் மில் தொழிலாளி. அவள் அதிகம் பேசாத பெண். ஆனால் நான் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் முகத்தில்தான் அவளுக்குச் சேதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் மூக்கை அழுத்தினேன், மஞ்சள். நெஞ்சில் அழுத்தினேன், மஞ்சள். வயிற்றிலும் அப்படித்தான் தெரிந்தது. வழக்கம்போலப் பாதியைக் கழித்தேன். பக்கத்துப் படுக்கையில் சனிக்கிழமை பிறந்த பெண் குழந்தையையும் பார்த்தேன், அதுவும் மஞ்சள். எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறபோது இவனை மட்டும் ஏன் குத்த வேண்டும்? அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கான் என்றேன்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்று அவர்கள் வீட்டார் முந்தின நாளே எல்லாம் முடித்துத் தயாராக இருந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் போகிற குழந்தையை நர்சுதான் தூக்கிக்கொண்டு போய் வாசல் வண்டி வரை விட்டுவிட்டு வர வேண்டும். அன்றைக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் கண்பட்டுவிடும் என்று அவன் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். மூடிய துண்டோடு தூக்கிப் போய், மூடிய துண்டோடு அவள் மடியில் வைத்தேன். என் சொல்லை நம்பிச் சின்ன மேடம் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில் பக்கத்துப் படுக்கைப் பெண் குழந்தை வீட்டுக்குக் கிளம்பியது. இந்த வீட்டார் முகத்தை மூடவில்லை. வார்டுக்குள் தூக்கும்போது அது மஞ்சள் குழந்தை. வாசல் படியைத் தாண்டி வெயிலில் கால் வைத்தேன், குழந்தை ரோஸ் நிறத்துக்கு மாறிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். மூக்கை அழுத்தினேன், மஞ்சள் இல்லை. திரும்பி உள்ளே போனேன், மஞ்சள். வெளியே வந்தேன், ரோஸ். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை வாசல் படியைத் தாண்டித் தாண்டி நின்றேன். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த தாய் பயந்துபோய் இறங்கிவிட்டாள். வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் நேராக எதிர்ச் சுவரில் பட்டு, அங்கிருந்து குழந்தைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தைகளை இல்லை, என் சுவரை. இதில் ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் கண் நன்றாக இருக்கிறது, புத்தியும் நன்றாக இருக்கிறது. அடுத்த நொடியே அந்தக் கழித்தல் கணக்கு நினைவுக்கு வந்தது. அப்படியானால் நான் எதைக் கழித்தேன்? எந்தப் பிள்ளையிடம் இருந்தது சுவரின் மஞ்சள், எந்தப் பிள்ளையிடம் இருந்தது நிஜ மஞ்சள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வார்டில் மிச்சமிருந்த இரண்டு குழந்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசலுக்குத் தூக்கிவந்து பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. முன்பு போன குழந்தைகள் ஆபத்தான நாட்களைத் தாண்டிவிட்டன. பாக்கி அந்த ஆண் குழந்தை ஒருவன்தான். துண்டால் மூடிப் போனவன்.

சின்ன மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது. அவர் எழுந்து வாசலுக்கு வந்து தானே ஒரு குழந்தையை உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கேஸ் சீட்டில் இருந்த போன் நம்பர் புருஷனுடையது. அவர் மில்லில் இருந்தார், எடுக்கவில்லை. எங்கள் வேனை எடுத்துக்கொண்டு உடனே போகச் சொன்னார். டிரைவர் அண்ணனிடம், அண்ணே, வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், எம்புட்டு வேகமா போக முடியுமோ போங்க என்றேன். வழியெல்லாம் அந்த வயிற்றில் என் கட்டைவிரல் பட்டு எடுத்த இடம்தான் கண் முன்னால் நின்றது. கண்டிப்பாக இருந்தது மஞ்சள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னேன்.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. பிள்ளை பிறந்த வீடு என்று கேட்டால் கை காட்டினார்கள். அவளையும் குழந்தையையும் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் சிரித்தாள். குழந்தையைத் தூக்கினேன். துவண்டு கிடந்தான். பால் குடிக்கிறானா என்று கேட்டேன். விடியற்காலையிலிருந்து குடிக்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறான், சமர்த்துப் பிள்ளை என்றார்கள். அவனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றதற்கு அவள் மாமியார் குறுக்கே நின்றார். பச்சைப் பிள்ளையை வெளிவாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது, காத்துப் பட்டுவிடும் என்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெரிய மனுஷியை நான் தள்ளியது அன்றைக்கு மட்டும்தான்.

வாசல் வெயிலில் துணியை விலக்கினேன். மூக்கு, நெஞ்சு, வயிறு, தொடை, முழங்கால் வரை மஞ்சள். அழுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து ராத்திரியே மஞ்சளாத் தெரிஞ்சுச்சுக்கா. நீங்க பாத்துட்டுத்தான அனுப்புனீக, அதான் பேசாம இருந்துட்டேன்," என்றாள்.

பிள்ளையைத் துணியில் சுற்றினேன். மதுரைக்குப் போக வேண்டும், ஏறும்மா என்று மட்டும் சொன்னேன்.

மதுரையில் ஒரு பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கும், சாயங்காலம் வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். அவனை மஞ்சளை இறக்குகிற நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குத் துணி கட்டி, இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டி. அந்த நீல வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் ஒரே நிறம். இந்த வெளிச்சத்தில் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று அங்கே இருந்த சிஸ்டரிடம் கேட்டேன். வெகு நேரம் இதன் அருகே நின்றால் தலை வலிக்கும், குமட்டும் என்றார். குழந்தையின் நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்ப்பார்களாம். அவர்களுடைய சுவர் வெறும் வெள்ளை. டியூட்டி முடிந்ததும் மூன்று நாளும் அங்கே போனேன். மூன்றாம் நாள் அவன் வீறிட்டு அழுதான். பசிக்கு அழுகிற அழுகை. நடைபாதையில் நின்று நானும் அழுதேன். அவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது.

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அந்தக் குடும்பத்துக்கு நான் தெய்வமாகிவிட்டேன். வீடு தேடி வேன் எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையைக் காப்பாற்றிய சிஸ்டர். புருஷன் ஒரு மூட்டைத் தேங்காயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இறக்கினார். நான் தள்ளிய அந்த மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தேங்காயையும் வாங்கிக்கொண்டேன். வீட்டில் அதை உடைக்க மனம் வராமல் அக்கம்பக்கத்தில் கொடுத்துத் தீர்த்தேன்.

சின்ன மேடத்திடம் மட்டும், அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று சொன்னேன். உங்களைக் கேட்டது நான், கையெழுத்துப் போட்டதும் நான் என்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றதற்கு, நீங்கள் போய்விட்டால் இனி எந்தச் சுவரைப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரமே வார்டுகளுக்கும் நடைபாதைக்கும் வெள்ளை அடித்தார்கள். சின்ன வயசு நர்சுகளுக்கு வருத்தம். பழைய மாதிரி அழுது வடிகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை, காலையில் உள்ளே வரும்போது அந்தப் பழைய உற்சாகம் இல்லை. அவர்களுக்காக டீ குடிக்கும் அறையில் மட்டும் மஞ்சளை விட்டுவைத்தோம். ஆயா வாளியை நிரப்பிக்கொண்டு வந்து புதுச் சுவரின் அடியில் தெறித்திருந்த பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஒன்றரை மாதம் ஆனதும் அந்தப் பெண் தடுப்பூசி போட வந்தாள், பிள்ளையோடு தனியாக. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான், பார்க்கிற எல்லோரிடமும் சிரித்தான். வார்டைத் தாண்டிப் போகும்போது அவள் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"முன்னாடி மஞ்சளா அம்புட்டு நல்லா இருந்துச்சேக்கா. ஏன் மாத்திப்புட்டீக?" என்று கேட்டாள்.

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பெயிண்ட் உரிந்துவிட்டது என்றால் நம்பியிருப்பாள். நான் எது சொன்னாலும் நம்புகிறவள். அந்த நம்பிக்கைதான் ஒரு ராத்திரி முழுவதும் அவளைப் பேசாமல் உட்கார வைத்தது. அவளைப் படுக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுவரின் நிறம் பிள்ளை மேல் விழுந்ததைச் சொன்னேன். அந்த நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வயிற்றில் மஞ்சளைப் பார்த்தும் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன், கேட்பதற்கு வாய் வரவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கலாம் என்று வழக்கம்போல நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. எழுந்து அவனை ஜன்னலருகே தானே தூக்கிப் போனாள். தன் கட்டைவிரலால் அவன் மூக்கு நுனியை அழுத்தி எடுத்து, குனிந்து பார்த்தாள். பிறகு நெஞ்சில் அழுத்தினாள், பிறகு வயிற்றில். நான் செய்வதை வார்டில் இருந்த மூன்று நாளும் அவள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. இந்த வயசுக்கு மேல் அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கிற வரை காத்து நின்றேன்.